ஆவணியில் கொண்டுபோன தட்டு

ஜூலை 8, செவ்வாய்

பிரதோஷம். கோயிலிலிருந்து வந்தபோது மருமகள் ஓவியா வீட்டில் இல்லை. செங்கத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். மகன் கலையரசன் அறைந்திருக்கிறான். ஆசிரமம் பக்கம் ஒரு விடுதியில் வரவேற்பில் வேலை அவளுக்கு. தங்க வந்தவர்களோடு சிரித்துப் பேசினாளாம். "ஒரே ஒரு அடிம்மா" என்றான். பால் மிச்சம். உறை ஊற்றினேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. எதிர்வீட்டுச் சந்திரகலா, "என்னக்கா, மருமவளக் காணோம்?" என்றாள். "தலை ஆடி இல்லியா, அம்மா வீட்ல அழைச்சிட்டுப் போயிட்டாங்க" என்றேன். மாதமே எனக்காகப் பிறந்ததுபோல் இருந்தது. அண்ணாமலையார் மானத்தைக் காப்பாற்றினார் என்றுகூட நினைத்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆவணி வந்தாயிற்று, அழைத்து வராவிட்டால் ஊர் கேட்கும். பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், புடவை வைத்துக்கொண்டு செங்கம் போனேன். மாமியாரே தட்டோடு வந்து நின்றால் பெண் வீட்டார் மறுக்க மாட்டார்கள். அது தெரிந்துதான் போனேன்.

ஓவியா உள்ளேயே இருந்தாள். சம்பந்தியம்மா கேட்டார்: "இன்னொரு வாட்டி கை வச்சா யாருங்க பொறுப்பு?"

அதே தட்டில் கற்பூரம் ஏற்றி உள்ளங்கையால் அணைத்தேன். "நான் பொறுப்புங்க."

சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைக் கிளப்பிவிட்டார். பஸ்ஸில் அவள் ஜன்னலையே பார்த்து வந்தாள். என் கையில் சின்னக் கொப்புளம். அதில் எனக்குப் பெருமை. புடவைச் செலவைக்கூட 'சாமி காரியம்' என்றுதான் கணக்கில் ஏற்றினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுதவேண்டாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

காலையில் குழம்புக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அறையில் சத்தம். "அத்தை"ன்னு கூப்டா. ஒரு வாட்டி இல்ல. குக்கர் விசில் அடிச்சிட்டே இருந்தது. ஓடிப்போய் அணைச்சேன் — அடுப்பை. அடுப்பைத்தான். அப்புறம்? அப்புறம் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். சந்திரகலாவுக்குக் கேட்டுடப் போவுதேன்னு.

மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளிடம்தான் கேட்டார், எப்படி ஆயிற்று என்று. நான் முந்திக்கொண்டேன். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாம்மா."

ஓவியா திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற கலையரசனை இல்லை. என்னை.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஓவியா போய்விட்டாள். கூட வேலை செய்யும் சினேகாவோடு அடி அண்ணாமலையில் வாடகை அறையாம். ஏன் செங்கத்துக்குப் போகவில்லை? யோசிக்க ஒன்றுமில்லை. அங்கே போனால் நான் தட்டோடு வருவேன்.

என் வீட்டுக்காரர் சொல்கிறார்: "மறுபடி தட்டு வச்சுக் கூப்புடு, வருவா. நான் உன்ன அடிக்காததா? நீ குடும்பம் பண்ணல?"

கலையரசன் பக்கத்தில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. சின்ன வயதில் இவர் என்னை அடிக்கும்போதும் இப்படித்தான், தட்டைப் பார்த்தபடியே தின்பான். நல்ல பிள்ளை, எதிலும் தலையிட மாட்டான் என்று அப்போது நினைத்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

கற்பூரம் ஏற்றக் கை வரவில்லை.

செப்டம்பர் 24, புதன்

ஓவியா மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். விசாரணைக்குப் போன கலையரசன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். வழுக்கித்தான் விழுந்தாள், டாக்டரிடம் எங்க அம்மாவே சொன்னாங்க என்று சொல்லிவிட்டானாம்.

"நாளைக்கு நீயும் வந்து அதையே சொல்லிடும்மா. அவ்ளோதான், முடிஞ்சிடும்."

முடிஞ்சிடும். யாருக்கு?

செப்டம்பர் 25, வியாழன்

போனேன். அவன் அடித்ததைச் சொன்னேன். நான் அடுப்பை அணைத்ததை, ஜன்னலைச் சாத்தியதை, டாக்டரம்மாவிடம் பொய் சொன்னதை. "அம்மா" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி. நிறுத்தவில்லை.

நானாகப் பழகிக்கொண்ட எழுத்தில் கையெழுத்துப் போட்டேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஓவியா சுவரையே பார்த்திருந்தாள். பெருமையா இருக்குன்னு மட்டும் எழுதிடக் கூடாது. அந்தக் கை நான் சத்தியம் பண்ணதுக்கப்புறம்தான் உடைஞ்சது.

அக்டோபர் 12, ஞாயிறு

இவர் என்னோடு பேசுவதில்லை. கலையரசன் நண்பன் வீட்டில் இருக்கிறான், வழக்கு நடக்கிறது. சந்திரகலா மறுபடி கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். "எங்களுக்கு முன்னயே தெரியும்க்கா" என்றாள். ஜன்னலைச் சாத்தி என்ன பயன்.

ஓவியாவின் கல்லூரிச் சான்றிதழ்கள் இன்னும் என் பீரோவிலேயே இருந்தன. வேறு வேலைக்குக் கேட்டால் என்ன செய்வாள்? பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் அடி அண்ணாமலை போனேன்.

கதவைத் தட்டினேன். ஜன்னல் திரை விலகியது. என் முகத்தை அவள் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். இரண்டையும் விரித்துக் காட்டினேன்.

அதன் பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது.