ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி அப்டேட்

திலக் நகர்,
வியாழக்கிழமை காலை

அன்பு மகள் முத்துமாரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் கம்ப்யூட்டரும் இப்போது சுகம், நீ டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க சுடலைமாடசாமி துணை. போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார், அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். தமிழ் மறந்துபோச்சு என்று பாதியில் விடாதே, எழுத்துக் கூட்டியாவது முழுக்கப் படி.

அப்பா கல்யாணக் கார்டு போடும் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் பழசாகிவிட்டது என்று மஞ்சள் கட்டம் வந்துகொண்டே இருந்ததே, அதற்கு நீ சொன்ன வைத்தியமெல்லாம் செய்தோம். தேதி சரியா என்று பார்த்தோம், நெட் வருகிறதா என்று பார்த்தோம், அப்டேட் பட்டனை அமுக்கினால் பச்சையாகும், அடுத்த வாரம் திரும்ப மஞ்சள். செம்பூர் ஸ்டேஷன் கடை முகம்மது ஹனீப் வந்து உள்ளே பேட்டரியையே மாற்றிவிட்டு, அப் டென்ஷன் நஹி அம்மா, இனிமேல் கவலை இல்லை என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். அந்த டென்ஷன் அடுத்த வாரமே திரும்பி வந்தது. உலகத்து வைரஸ் எல்லாம் தன் வீட்டு விலாசம் கேட்டுத்தான் அலைகிறது என்று உங்கப்பாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தது நான்தான், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குத் தானாக அப்டேட் ஆகட்டும் என்று நீ போன தடவை இங்கே வந்தபோது வைத்துவிட்டுப் போனாய், ஞாயிறு நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அதற்கு முன்னாலேயே உங்கப்பா கம்ப்யூட்டரை அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார், ஆறு மணிக்கு மேல்தான் தொடுவார். காவல்காரனை ஒவ்வொரு வாரமும் தானே வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, அவன் வரவில்லை என்று ஊரெல்லாம் புகார். நான் நேரத்தைக் காலை பதினொன்றுக்கு மாற்றினேன், அதிலிருந்து பச்சைதான்.

அப்புறம்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. ஸ்டெர்லினைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ போன் பண்ணியதும் ஞாயிறு ஐந்து மணிக்குத்தான். அப்பா சட்டென்று போனை என் கையில் கொடுத்தார், கிறிஸ்தவ வேதக்காரப் பையன் என்று கோபம், இனி பேசவே மாட்டார் என்று நீ அழுதாய். நீ அழுதது எனக்குத் தாங்கவில்லை மகளே, இத்தனை நாள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. நேற்று மெதுவாகக் கேட்டேன், பிள்ளைக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க என்று. என்ன பதிலு, அவ நல்ல நேரம் பாத்து எங்கிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லலியே, என்றார்.

அதனால் நாளை வெள்ளிக்கிழமை இங்கே சாயங்காலம் ஏழு மணிக்கு, உனக்கு மத்தியானம், ஆபீசில் கொஞ்சம் பர்மிஷன் போட்டுக்கொண்டு அப்பா நம்பருக்குக் கூப்பிடு. முதல் தடவை சொல்வது மாதிரியே எல்லாம் சொல், அவரும் முதல் தடவை கேட்பது மாதிரியே கேட்பார். சிரித்துவிடாதே, அழவும் அழாதே. வேளைக்குச் சாப்பிடு, நீயும் அந்தப் பையனும் நன்றாக இருக்க வேண்டும். ஸ்டெர்லினிடம் ஒன்று மட்டும் மறக்காமல் சொல்லிவை. நேற்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா தானாகச் சொன்னார், கல்யாண் ஊர்ல இருக்க அவுக சர்ச்சுல ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னு மட்டும் தேதி வச்சிரப்படாது, கார்டு அடிக்கப் போறது நானாக்கும், என்று.

இப்படிக்கு உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா பேராச்சி