கையசைத்தால் அணையும் நெற்றி விளக்கும் என் கைநாட்டும்

அனுப்புநர்:
வால்வு திறப்பவர் (ஒப்பந்தப் பணி),
வருகைப் பதிவேட்டில் எண் 17,
மூன்றாம் நீரேற்று நிலையம்.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வாரியத் தலைமை அலுவலகம்.

பொருள்: மூன்றாம் நிலைய வால்வுக் குழியில் அக்டோபர் 14 அன்று நடந்த விபத்து – என் கைநாட்டுடன் உள்ள வாக்குமூலம் பொய் என்பதால் அதை நீக்கக் கோருதல் – அதையே ஆதாரமாகக் காட்டி எல்லா நிலையங்களுக்கும் வழங்கப்பட இருக்கும் நெற்றி விளக்குகளை நிறுத்தக் கோருதல்.

பார்வை: 1. வாக்குமூலம், நாள் அக்டோபர் 16.
2. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய சுற்றறிக்கை, நாள் மார்ச் 3.

மதிப்பிற்குரிய பொறியாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம்.

1. இந்த மனுவை நானே எழுதுகிறேன். எனக்கு வயது அறுபத்து நான்கு. எழுதப் படிக்கத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். சொல்ல வந்தது கோணல் இல்லை. எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் வேலை விட்டு வீட்டுக்கு வரும்போது, போய் இன்னும் நாலு வரி எழுதலாம் என்ற நினைப்பே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. எழுத வேண்டியிருந்த விஷயத்தில்தான் சந்தோஷம் இல்லை.

2. எங்கள் நிலையத்துக்குத் தண்ணீர் வரும் பெரிய குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு. அது பதினைந்தடிக் குழிக்குள் இருக்கிறது. பலமாக மழை பெய்தால் இலையும் கந்தலும் பிளாஸ்டிக் பையும் வந்து அதை அடைத்துக்கொள்ளும். அப்போது வால்வை மூடிவிட்டு ஒருவர் இறங்கி, கையால் அள்ளியாக வேண்டும். அப்படி இறங்குபவர் என் மனைவியின் தம்பி. பதிவேட்டில் அவர் எண் 22. நிலையத்தில் தவளை என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். இருபத்தாறு வருஷம் அந்தக் குழியில் இறங்கி ஏறியவர். வால்வுச் சக்கரத்தைச் சுற்றுபவன் நான்.

3. சக்கரம் குழியின் பக்கத்தில் இல்லை. நாற்பதடி தள்ளி, சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. பம்புகள் ஓடும் சத்தத்தில் தோளுக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் காதில் விழாது. சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஒரு துளை இருக்கிறது. அதன் வழியே பார்த்தால் குழிக்குள் இருப்பவரின் நெற்றி விளக்கு வெளிச்சம் தெரியும். ஆள் தெரியாது. அந்த வெளிச்சம்தான் எங்கள் பேச்சு. மேலும் கீழும் ஆடினால், கொஞ்சம் திற. இடவலமாக ஆடினால், நிறுத்து. அணைந்துபோனால், ஆள் ஏணியில் ஏறி வெயில் படும் மேல்படிக்கு வந்துவிட்டார், முழுதாகத் திற. வெயிலுக்கு வந்ததும் விளக்கை அணைப்பது எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் பேட்டரியை மிச்சம்பிடிக்க ஏற்படுத்திய பழக்கம்.

வெளிச்சத்தை நம்பித் தண்ணீரைத் திறக்கலாமா என்று தாங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு வாக்கி டாக்கி வேண்டும் என்று நாங்கள் ஆறு முறை வாய்விட்டுக் கேட்டோம். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எங்களில் எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான். அவரும் பாதி நாள் குழிக்குள் இருந்தார்.

4. பழைய நெற்றி விளக்கு மங்கல். பட்டை தளர்ந்து மூக்கின் மேல் இறங்கும். ஆனால் அதன் பொத்தான் கட்டைவிரல் அளவு. ஈரக் கையுறையோடு அமுக்கலாம். அமுக்கினால்தான் எரியும், அமுக்கினால்தான் அணையும்.

5. செப்டம்பரில் புது விளக்குகள் வந்தன. வெளிச்சம் அரைக் கிலோமீட்டர் போகும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். குழியின் எதிர்ச் சுவர் எட்டடியில் இருக்கிறது. அரைக் கிலோமீட்டர் தள்ளி எங்களுக்கு யாரும் இல்லை. அவ்வளவு வெளிச்சமும் ஈரச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து கண்ணைக் கூசச் செய்தது. பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்த்தால் அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மேற்பார்வையாளர் ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, நெற்றிக்கு முன்னால் கையை ஆட்டிக் காட்டினார். விளக்கு அணைந்தது. மறுபடி ஆட்டினார், எரிந்தது. "பாத்தீங்களா? தொடவே வேணாம். கைய ஆட்டுனாப் போதும்" என்றார்.

"ஈ ஓட்டுனாலும் அணைஞ்சிடுமா சார்?" என்று தவளை கேட்டார்.

"குழிக்குள்ள உனக்கு ஏதுய்யா ஈ?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

6. அக்டோபர் 14, காலை பதினொன்றரை மணி. மூன்று நாள் மழைக்குப் பிறகு ஊரில் பாதி வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை. மேற்பார்வையாளர் காதில் போனை வைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்று, "இன்னும் எவ்வளவு நேரம், இன்னும் எவ்வளவு நேரம்" என்று கேட்டபடி இருந்தார். வெளியே நல்ல வெயில். குழிக்குள் எப்போதும் இருட்டுதான்.

துளையில் வெளிச்சம் அணைந்தது. நான் பத்து எண்ணினேன். அது எவரும் சொல்லாமல் நானாக வைத்துக்கொண்ட பழக்கம். பிறகு சக்கரத்தைச் சுற்றினேன். நாலாவது சுற்றில் துளையில் வெளிச்சம் மறுபடி வந்தது. அது மேலும் கீழும் ஆடவில்லை. இடவலமாகவும் ஆடவில்லை. உருண்டது.

நடந்தது இதுதான். கண்ணில் வடிந்த வேர்வையையும் சேற்றையும் அவர் முன்கையால் துடைத்திருக்கிறார். கை நெற்றிக்கு முன்னால் போனதும் விளக்கு அணைந்துவிட்டது. மறுபடி எரியவைக்கக் கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டியிருக்கிறார். கையசைவை உணரும் கண்ணாடியில் சேறு அப்பியிருந்ததால் எரியவில்லை. அதன் சின்னப் பொத்தான் ஈரக் கையுறைக்கு அகப்படவும் இல்லை. தண்ணீர் வந்து சேற்றைக் கழுவியபோது எரிந்தது.

உடனே மூடினேன். திறந்தது நாலு சுற்று, மூடுவதும் நாலு சுற்றுதான். அது எவ்வளவு நேரம் என்று எழுதும் அளவுக்கு நான் இன்னும் படிக்கவில்லை. அவருடைய இடது கால் சல்லடைச் சட்டத்தில் மாட்டி இரண்டு இடத்தில் முறிந்தது. முழங்கால் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

7. இரண்டு நாள் கழித்து மருத்துவமனை நடைபாதையில் நான் உட்கார்ந்திருந்தபோது மேற்பார்வையாளர் தட்டச்சு செய்த தாளோடு வந்தார். "விளக்கு தானா அணைஞ்சுது, ஆள் ஏறிட்டாருன்னு நெனச்சுத் திறந்துட்டேன். அவ்வளவுதான் எழுதியிருக்கு. இங்க வைங்க பெரியவரே" என்றார். வைத்தேன். விரலில் இருந்த மையைத் துடைக்கத் தன் கைக்குட்டையையே கொடுத்தார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

8. மருத்துவமனையிலிருந்து தவளையை எங்கள் வீட்டுக்குத்தான் அழைத்து வந்தோம். வேலை முடிந்து வந்தால் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நவம்பர் நடுவில் ஒரு நாள் செய்தித்தாளை என் மடியில் போட்டார். "சும்மா என் காலையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க மாமா. இதுல ‘அ’ எங்கெல்லாம் இருக்குன்னு தேடுங்க" என்றார். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.

அப்படித்தான் தொடங்கியது. பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. சோப்பு உறை, மாத்திரை அட்டை, பேருந்தின் நெற்றி என்று எதையும் விடவில்லை. "சோறு ஆறுது. இந்த மனுஷன் உப்புப் பாக்கெட்டோட பேசிக்கிட்டு இருக்காரு" என்று என் மனைவி தம்பியிடம் முறையிடுவாள். அறுபது வருஷமாக வெறும் சுவர் என்று நினைத்துக் கடந்துபோன இடங்களிலெல்லாம் ஏதோ எழுதியிருந்திருக்கிறது, ஐயா. ஒரு சுவரில் ‘இங்கே நிற்காதே’ என்று இருந்தது. நான் இருபது வருஷமாக அங்கேதான் பேருந்துக்கு நிற்கிறேன்.

9. பிப்ரவரி கடைசியில் அவர் மெத்தைக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்து, "இதப் படிங்க மாமா" என்று கொடுத்தார். உள்ளே அவரை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவும், அதோடு இணைத்த என் வாக்குமூலத்தின் நகலும் இருந்தன. மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும் நேரம் வரை படித்தேன். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: ‘எண் 22 என்பவர் பலமுறை எச்சரித்தும் கேளாமல் விளக்கைத் தலையிலிருந்து கழற்றி அணைத்து வைத்திருந்தார். இதை நான் நேரில் கண்டேன். விளக்கில் குறை ஏதும் இல்லை.’

சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற நான் நேரில் கண்டேனாம். அதற்குக் கீழே என் கட்டைவிரல்.

உறையின் மேல் இருந்த தேதி நவம்பர் 5. எனக்கு முதல் எழுத்தைக் காட்டுவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் என் வீட்டில் சாப்பிட்டார், என் தோளைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார், நான் ‘ழ’வைத் திருப்பிப் போட்டபோதெல்லாம் பொறுமையாகத் திருத்தினார். ஏன் அப்போதே கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா என்ன சொல்லுவீங்க? தெரியாம வெச்சேன்னுதான சொல்லுவீங்க. தெரிஞ்சவனும் அதத்தான சொல்லுவான்? இப்ப நீங்க படிக்கும்போது உங்க மூஞ்சியப் பாத்தேன் மாமா. போதும்" என்றார்.

அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. அதனால்தான் இந்த மனு.

10. மார்ச் 4 அன்று கையுறை வாங்கப் பொருள் அறைக்குப் போனேன். ஆடும் மேசைக் காலுக்கு முட்டாக மடித்த காகிதக் கட்டு ஒன்றை வைத்திருந்தார்கள். இப்போது எழுத்தைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. குனிந்து ஒன்றை உருவினேன். அது அந்த விளக்கோடு வந்த குறிப்புத் தாள். ஐந்து மொழிகளில் இருந்தது, நம் மொழியும் இருந்தது: ‘சேறு, ஈரம் உள்ள இடங்களிலும், கை அடிக்கடி முகத்தருகே வரும் வேலைகளிலும் கையசைவு வசதியை நிறுத்தி வைக்கவும். பொத்தானை ஐந்து விநாடி தொடர்ந்து அழுத்தினால் அது நின்றுவிடும்.’

ஐந்து விநாடி, ஐயா. நான் எண்ணிய பத்தில் பாதி.

பொருள் அறைக்காரரிடம் கேட்டேன். "ஒவ்வொரு பெட்டியிலும் ஒண்ணு வந்துது. எடுத்து வெச்சிட்டேன். உங்களுக்கு எதுக்கு அது, படிக்கவா போறீங்க?" என்றார். செப்டம்பரில் என்னைப் பற்றி அவர் அப்படி நினைத்ததில் தவறில்லை. ஆனால் அந்த விளக்கை மாட்டிக்கொண்டு இறங்கிய தலைக்குப் படிக்கத் தெரியும். அவரிடம் ஒரு தாள் கொடுத்திருந்தால் மேசை ஒன்றும் சாய்ந்திருக்காது.

11. இதே விளக்குகள் ஏப்ரல் 1 முதல் பதினொரு நிலையங்களுக்கும் வழங்கப்படும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. ‘எண் 17-இன் வாக்குமூலப்படி விளக்கில் குறை இல்லை’ என்று அதில் காரணமும் போட்டிருக்கிறது. முதன்முதலாக என் எண்ணை அச்சில் படித்தது அங்கேதான். ஏழாம் நிலையத்தில் குழி இருபத்திரண்டு அடி. அங்கும் இதே வெளிச்சப் பேச்சுதான். அங்கே சக்கரம் சுற்றுபவரை எனக்குத் தெரியும். வேகமான ஆள். அவர் பத்து எண்ணமாட்டார்.

12. குழி வேலைக்கும் அவசர வேலைக்கும் எப்படிப்பட்ட விளக்கு வேண்டும் என்று எவரும் எங்களைக் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். தூரம் போகும் வெளிச்சம் வேண்டாம். கையெட்டும் இடம் முழுவதும் சமமாகப் பரவினால் போதும். கூட்டவும் குறைக்கவும் முடிய வேண்டும், எதிரில் நிற்பவரின் கண்ணைப் பறிக்காதபடி. ஈரக் கையுறையோடு அமுக்கக்கூடிய பெரிய பொத்தான் வேண்டும். அதை விரலால் அமுக்கினால் தவிர விளக்கு எதற்கும் அணையக் கூடாது. பைக்குள் கிடக்கும்போது தானாக எரிந்து பேட்டரி தீராதபடி பூட்டு வேண்டும். மழைச் சாரல் தாங்கும் என்பது போதாது. வாளித் தண்ணீரில் அரை மணி போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். தலையில் வைத்து நாலு மணி நேரம் குனிந்து வேலை செய்பவர் ஒருவரிடம் கொடுத்துக் கனம் பார்க்க வேண்டும். மேசைக்குப் பின்னால் இருப்பவர் மாட்டிப் பார்த்தால் எல்லா விளக்கும் லேசாகத்தான் இருக்கும். இறங்கும் ஒவ்வொருவரிடமும் மாற்றுப் பேட்டரியும், சட்டைப் பையில் இரண்டாவது விளக்கும் இருக்க வேண்டும். குறிப்புத் தாளை இறங்குவதற்கு முன் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். ஆள் இல்லை என்றால் எங்கள் நிலையத்தில் நான் படிக்கிறேன். அதைச் சந்தோஷமாகச் செய்வேன்.

13. ஆகவே ஐயா அவர்களைக் கேட்டுக்கொள்வது: (அ) அக்டோபர் 16 வாக்குமூலம் பொய் என்று பதிந்து, அதை வைத்து எண் 22 மேல் சுமத்திய குற்றத்தையும் பணி நீக்கத்தையும் நீக்க வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலை நிலையத்தில் உண்டு. பதிவேடு எழுதத் தெரிந்தவர் அவர். (ஆ) ஏப்ரல் 1-க்குள் அந்த விளக்குகளை நிறுத்த வேண்டும். அதுவரை யாராவது அதோடு இறங்கியே ஆக வேண்டுமென்றால், பொத்தானை ஐந்து விநாடி அழுத்திவிட்டு இறங்கச் சொல்லி இன்றே எல்லா நிலையங்களுக்கும் போன் செய்ய வேண்டும். (இ) வால்வைத் திறந்தது நான். அதற்குத் தண்டனை உண்டென்றால் 17-க்கு நேரே எழுதுங்கள். 22-க்கு நேரே எழுத வேண்டாம்.

14. என்னிடம் மறுபடி வாக்குமூலம் வாங்குவதானால், படித்துக் காட்ட யாரையும் அனுப்ப வேண்டாம். தாளை என் கையில் கொடுத்துவிட்டால் போதும். ஒரு பக்கம் படிக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆகும். வருபவரை உட்கார்ந்து காத்திருக்கச் சொல்லுங்கள்.

இணைப்பு: வாக்குமூலத்தின் நகல் – 1. விளக்கின் குறிப்புத் தாள் – 1 (மேசைக் கால் பதிந்த தடத்துடன்).

இடம்: நீரேற்று நிலையத் தொழிலாளர் குடியிருப்பு
நாள்: மார்ச் 18

இப்படிக்கு,
மேலே உள்ள ஒவ்வொரு வரியையும் தானே படித்துப் பார்த்துக் கையொப்பமிடும்,

(கையொப்பம்)
எண் 17, வால்வு திறப்பவர்