செல்வி அக்கா வீட்டு போர்வெல் தண்ணீர்

ஆவணி, புதன்கிழமை

இன்று முத்துப்பேட்டைப் பக்கம் போயிருந்தேன். எங்கள் சின்னப் பல்கலைக்கழகத்தில் இயற்கை வளப் பாதுகாப்பு படிப்பவர்கள் ஆளுக்குப் பத்து போர்வெல் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். எனக்கு ஆறாவதாக வந்தது செல்வி அக்காவுடையது. உப்பு அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் விட்டதும் எண் ஏறிக்கொண்டே போனது. கடல் உப்பு உள்ளே வந்துவிட்டது. இனி அதில் நெல் தேறாது.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவே சொன்னார்.

"தெரியும்மா. போன தடவையே பயிரு கருகிப்போச்சு. எம்மவன் சிங்கப்பூர் வேலைய விட்டுட்டு விவசாயம் பாக்க வரேங்கிறான். அவன் மொகத்தப் பாத்து மூணு வருஷமாச்சு. வந்து சேர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதம்மா."

சரி என்று தலையாட்டிவிட்டேன். இந்தத் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லிப் பெயர் கொடுத்ததே அந்த மகன்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது, டிபார்ட்மெண்டில் என் போன் நம்பரை வாங்கி அந்த மகனே கூப்பிட்டார்.

"தண்ணி எப்படிங்க இருக்கு? நாளைக்கு வேலைய விடுறதா எழுதிக் குடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி கேட்டுக்கலாம்னுதான்."

"உப்புங்க. நெல் வராது" என்று சொல்லிவிட்டேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"எங்க அம்மாவுக்கு இது தெரியுமாங்க?"

"தெரியாதுங்க" என்றேன்.

அக்காவுக்காக என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். நாளைக்கு அக்கா கூப்பிட்டால் போனை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.