எங்கட மெஷின்

பெப். 3, செவ்வாய்
மழை. ட்ராம் லேட். குரொய்டனில் லோயரிடம் போய்ப் பிரிவு ஒப்பந்தத்தின் முதல் நகல் வாங்கி வந்தேன். வாசித்தேன், ஒன்றும் ஏறவில்லை. மிட்சமில் நாங்கள் இருந்த வீடு எனக்கு. ஹவுன்ஸ்லோவில் இருக்கிற கடை இவருக்கு. (கணவரை இன்னும் 'இவர்' என்றுதான் கை எழுதுகிறது.) எல்லாம் சரி. ஆனால் என் தையல் மெஷின் 'இருவருக்கும் பொது, விற்றுப் பங்கிடுவது' என்ற பகுதியில். அதில் தைத்துத்தான் இனி நான் சாப்பிட வேண்டும்.
வரும் வழியில் பால், வெந்தயம், மெஷின் ஊசி.

5, வியாழன்
காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் இல்லை. லோயர் போன். பிழை என்னுடையதுதான். சாமான் விபரத்தை நானே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். மனதில் ஓடியது எங்கட மெஷின், எங்கட அலுமாரி, எங்கட அம்மாவின் சங்கிலி. அப்படியே எல்லாவற்றுக்கும் 'our' போட்டு எழுதிவிட்டேன். நீயும் கணவரும் ஒரே தாயின் பிள்ளைகளா என்று லோயர் தயங்கித் தயங்கிக் கேட்டாள். சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.
எங்கள் ஆட்களில் தனிப்பிள்ளையும் 'எங்கட அம்மா' என்றுதான் சொல்லும் என்றேன். திருத்தி அனுப்பச் சொன்னாள். ஆனால் இவரும் ஒப்புக்கொள்ள வேண்டுமாம்.

7, சனி
வெயில், ஆனாலும் குளிர். விபரத்தில் எங்கட, 'our', எல்லாம் வெட்டி என்ர, 'my', போட்டேன். மெஷின். சங்கிலி. அலுமாரி. ரைஸ் குக்கரில் கை நின்றது. யார் வாங்கியது? ஞாபகமில்லை. விட்டுவிட்டேன்.
பின்னேரம் இவருக்குப் போன் எடுத்து மெஷின் கதையைச் சொன்னேன்.
"அது உம்மடதானே. நான் ஏன் கேக்கப்போறன்?"
கடையில் ஆள் நிற்குது என்று போனை வைத்துவிட்டார். அழுகை வரும் என்று காத்திருந்தேன். பருப்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

12, வியாழன்
தூறல். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தாயிற்று. மெஷின் என் பெயரில். மத்தியானம் இவர் மிச்ச உடுப்புகளை எடுக்க வந்தார். வாசலிலேயே நின்றார். பையைக் கொடுத்தேன். இவர் சாவியை நீட்டினார்.
"இந்தாரும், உம்மட வீட்டுத் திறப்பு."
இவ்வளவு காலம் 'எங்கட வீடு' என்று சொன்ன வாய். 'உம்மட' என்று சொல்ல என்னைவிடக் கெதியாகப் பழகிவிட்டார். திறப்பை ஆணியில் மாட்டினேன். நெஞ்சில் ஒன்றுமில்லை. பசி மட்டும்.
சோறு போடும்போது போன். குட்மேய்ஸிலிருந்து ஒரு பெண். கல்யாண பிளவுஸ் தைக்க வேண்டுமாம். எங்கே வருவது, கடை இருக்கோ என்று கேட்டாள்.
"கடை இல்லை. எங்கட வீட்டுக்கு வாங்கோ" என்றேன்.