திரு. அன்சாவுக்குச் சேர வேண்டிய படம்

ஹட்டன்
22.11.1964

அன்புமிகு நண்பர் இக்னேசியஸ் அவர்களுக்கு,

ஆபிரிக்கக் கரையில், அக்ராவில், நீங்களும் டோரீனும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கு மழை விடவில்லை. தோட்டத் தமிழரைப் பங்கிட்டுக்கொள்ள நம் அரசும் இந்தியாவும் செய்த உடன்படிக்கைச் செய்தி வந்த நாள் முதல், யாரை இங்கே வைத்துக்கொள்வார்கள், யாரை இந்தியாவுக்கு ஏற்றுவார்கள் என்பதைத் தவிர தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் வேறு பேச்சில்லை.

உங்கள் பள்ளியில் பௌதிகம் கற்பிக்கும் திரு. அன்சாவின் கதையை நான் தமிழாக்கியதும், தோட்டத்தார் அதைத் தீபாவளிக்கு நாடகமாக்க விரும்பியதும் நீங்கள் அறிந்தவை. அதில் ஆபிரிக்க அடிமைகளின் பேரப்பிள்ளைகள் விண்கப்பல் கட்டி, வேறொரு கோளில், தங்கள் கறுப்பு நிறத்துக்கு எவரிடமும் விளக்கம் சொல்லாமல் வாழ்கிறார்கள். பழைய வெள்ளை எசமானர்கள் துரத்தி வந்து தோற்கிறார்கள். மேடைக் காட்சியின் படமொன்றைத் தம் வகுப்பறையில் மாட்ட வேண்டுமென்று அவர் கேட்டிருந்தார். அனுப்புவதாக வாக்களித்தவன் நான். படம் வந்துவிட்டது. அனுப்பத்தான் கை வரவில்லை.

வசனங்களை நான் பழக்கினேன். ஒப்பனையைக் கூத்து வாத்தியார் அழகுமுத்துவிடம் விட்டேன். நாயகனுக்கு ரோஜா நிற அரிதாரம், அரக்கனுக்குக் கரி என்பது அவருடைய இலக்கணம். திரை விலகியபோது ஆபிரிக்க வீரர்கள் அனைவரும் ரோஜா முகங்களுடன் நின்றார்கள். வெள்ளை எசமானர்கள் விளக்குக் கரியை அப்பிக்கொண்டு துரத்தி வந்தார்கள். முன்வரிசையில் தோட்டத்துத் துரை மனநிறைவோடு கைதட்டினார்.

இடைவேளையில் மேடையின் பின்புறம் சென்று கேட்டேன். அழகுமுத்துவுக்கு என் கேள்வியே புரியவில்லை. “நல்லவங்க யாரு, கெட்டவங்க யாருன்னு சனத்துக்கு வெளங்க வேணாமாய்யா?” என்றார். கப்பல் தலைவனாக நடித்த மூக்கன், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவன், என்னைவிடவும் கறுப்பு. “இந்த மூஞ்சியத்தான் தெனமும் காலையில பேர் கூப்புடுற பெரட்டுல பாக்குறாங்க. மேடையிலயும் இதேன்னா எவன் வருவான்?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

தன் முகம் நாயகனுக்கு ஆகாது என்று ஒரு மனிதனை நம்பவைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களை எந்தச் சொற்களால் ஏச வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் அழகுமுத்துவின் கரிச்சட்டி, வெள்ளைக்காரன் கப்பலேறும் முன்பே எங்களிடம் இருந்ததே. அதற்கு நான் யாரை ஏசுவது?

இறுதிக் காட்சியில் மூக்கன் முன்னால் வந்து, “இந்த நிறத்தோடு புறப்பட்டோம், இந்த நிறத்தோடு இங்கேயே இருப்போம். எங்களை எவராலும் திருப்பி அனுப்ப முடியாது” என்றான். ரோஜா முகத்திலிருந்து வரும் அந்த வசனம் கேலியாகிவிடும் என்று தலைகுனிந்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கொழுந்தெடுக்கும் ராசம்மா எழுந்து குலவையிட்டாள். பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். துரை எழுந்து போனார். மூக்கனின் நிறத்தை அவர்கள் எங்கே கண்டார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

படத்தை இத்துடன் வைக்கிறேன். நிறமில்லாத படமாதலால் இன்னும் மோசம். வெள்ளையர் கறுப்பரை வெட்டுவதாகவே தெரிகிறது. திரு. அன்சாவிடம் காட்டுவதா என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். எனக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம். மூக்கன் கேட்டதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். அவனுக்கும் மனைவிக்கும் இந்தியாவில் தெரிந்த ஊர் ஒன்றுமில்லை. “அந்தக் கப்பல்ல எங்களுக்கும் எடமிருக்கான்னு எழுதுறப்ப கேளுங்கய்யா” என்றான். பகிடியென்று நினைத்து அவன் முகத்தைப் பார்த்தேன். பகிடியில்லை.

திரு. அன்சாவே தம் கைப்பட மறுமொழி எழுதட்டும். யார் இங்கே, யார் இந்தியாவுக்கு என்ற பெயர்ப் பதிவு தொடங்குமுன் அது வந்து சேர வேண்டும்.

என்றும் தங்கள்,
பொன்னையா