ஒட்டினது எப்படிக் கிளம்பும்?

பாசத்திற்குரிய மகளுக்கு அம்மா வரைவது. இங்கு நாங்கள் இருவரும் நலம்; அந்தக் கடுங்குளிரில் நீ நேரத்துக்கு உண்கிறாய் என்று அறிந்தால்தான் என் மனம் அமையும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. பட்டறையில் பழுதான குளிர்ப்பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றினுள் பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருப்பதால் அதை மட்டும் அவர் தொடுவதில்லை.

உள்ளூர் வேலையை மறுத்து விண்ணியல் படிக்க நீ புறப்பட்ட நாள்முதல் அவர் உன்னோடு பேசாதிருப்பது என் நெஞ்சில் முள்ளாகவே இருக்கிறது. ஆகவே உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வேண்டுமென்றே உரக்க வாசித்தேன். விண்மீன்களுக்கு இடையிலுள்ள மேகங்களில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வெறுமனே மோதினால், சேர்ந்த சூட்டிலேயே பிரிந்துவிடும்; தூசித் துகள் ஒன்றின் மேல் சந்தித்தால் அச்சூட்டைத் தூசி வாங்கிக்கொள்ளும், அவையும் மூலக்கூறாக நிலைக்கும் என்று எழுதியிருந்தாயே, நான் நாள்தோறும் துடைத்தெறியும் தூசிக்கா இத்தனை பெருமை என்று வியந்து நின்றுவிட்டேன். அப்பா தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெளிச்சமே நுழையாத அம்மேகங்களின் உள்ளே துகள்மேல் நீரும் பிறவும் பனியாய் உறைந்து ஒட்டும், அவற்றில் சில பின்னர் வாயுவாய் வெளியே தென்படும் என்று வாசித்ததும்தான் தலை நிமிர்ந்தது. "அந்தக் குளிர்ல ஒட்டினது எப்படிக் கிளம்பும்? எனக்கு ஃப்ரீசர்ல சுரண்டினாலே வர மாட்டேங்குது" என்றார். விண்மீன் ஒளி உருக்கிவிடும் என்று நான் சற்றும் தயங்காமல் விளக்கினேன். "ஏண்டி மேதாவி, வெளிச்சமே உள்ள போகாத மேகம்னு இப்பதானே படிச்ச?" என்று சிரித்தார் பார், எனக்கு முகம் சிவந்துவிட்டது.

மறுநாளே நூலகத்துக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டினேன். ஒளி நுழையாத இருளிலும் காஸ்மிக் கதிர்கள் ஊடுருவுமாம். துகளைத் தாக்கிக் கணநேரம் சூடேற்றி, ஒட்டியவற்றில் சிலவற்றைத் தெறித்தெழச் செய்யுமாம். அதே கதிர் பனிக்குள் மூலக்கூறுகளை உடைக்கவும் புதியன உருவாக்கவும் செய்கிறதாமே, உடைப்பது மிகுதியா, ஆக்குவது மிகுதியா? இதை எனக்குத் தனியே எழுது.

ஆனால் அப்பாவிடம் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அறிந்ததை அடக்கிவைப்பது எனக்கு எத்தகைய தவம் என்பது உனக்குத் தெரியாததன்று. ஒவ்வொரு வேளையும் "அது எப்படியாம்?" என்கிறார், அவளையே கேளுங்கள் என்று சொல்லி நீர் ஊற்றுகிறேன். நேற்றுப் பட்டறைத் தொலைபேசியைத் தம் கைக்கெட்டும் இடத்தில் மாற்றி வைத்திருக்கிறார். கேட்டால், வயர் காலில் இடறுகிறதாம்.

கம்பளியை மறவாதே. அறிவும் ஆயுளும் ஓங்குக. ஞாயிறு காலை பட்டறையில் தனியாகத்தான் இருப்பார், நீயே அழைத்துவிடு. நலம் விசாரித்தால் விறைத்துக்கொள்வார், நேரே உறைபனியிலேயே தொடங்கு. எனக்கு விடை தெரியும் என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் சொல்லிவிடாதே.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா