தைப்பூசம் வரை கிழித்த காலண்டர்

சிவகாசி,
ஆனி முதல் வாரம்

அன்புத் தம்பி சூர்யபிரகாஷுக்கு,

அக்கா ஸ்ரீமதி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. போனில் தட்டாமல் தாளில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. காரணம் இருக்கிறது.

நீ வேலை பார்க்கும் ஹாம்பர்க் கம்பெனியிலிருந்து நம் நாரணாபுரம் பட்டாசு ஆலைக்குக் கழிவுத்தாள் லோடு வந்து இறங்கியது. பாதி ஈரம். உள்ளே கையுறை, பால் டப்பா, என்னென்னவோ நாற்றம். அந்தத் தாளில் வெடிக்குழாய் சுற்றும் பெண்களுக்குக் கையெல்லாம் அரிப்பு. வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை, வேறு தாள் வாங்கினால் தீபாவளி ஆர்டர் கட்டுப்படியாகாது. அந்தக் குப்பைக்குள் நம் அச்சகத்துக் காலண்டர்களும் கிடந்தன. நாம் அங்கே விற்றபோதும் விலை அவர்கள் சொன்னதுதான், குப்பையாகத் திரும்ப வாங்கும்போதும் அவர்கள் சொன்னதுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

சாமி படம் போட்ட தாளை நம் பெண்கள் வெடிக்குச் சுற்ற மாட்டார்கள், உனக்குத் தெரியும். குழாய் சுற்றும் கருப்பம்மாள் அவற்றைப் பொறுக்கி ஒதுக்கும்போது ஒன்று தனியாகத் தட்டுப்பட்டது. பத்திரகாளியம்மன் படம், பாதத்தில் மஞ்சள், அட்டையின் பின்னால் அம்மாவின் கையெழுத்தில் உன் பெயர். சீசனில் முதலாவதாக வரும் காலண்டரை அம்மன் முன்னால் வைத்து அம்மா உனக்கு அனுப்புவாளே, அதுதான். தைப்பூசம் வரை கிழித்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு தாள்கூடக் கிழியவில்லை.

கருப்பம்மாள் முதலில் என்னிடம் காட்டியிருக்கக் கூடாதா? "தம்பி காலண்டரு வந்துருச்சும்மா, பின்னாலயே அவுகளும் வந்துருவாக" என்று சந்தோஷமாக அம்மா கையில் கொடுத்துவிட்டாள். அம்மா அதைப் பூஜையறையில் மாட்டி, நீ விட்ட இடத்திலிருந்து நாளுக்கு ஒன்றாகக் கிழிக்கிறாள். வெளியே ஆனிக் காற்று புழுதி வாரி அடிக்கிறது, அந்தக் காலண்டர்படி நேற்று நம் வீட்டில் சிவராத்திரி விரதம். இன்றைய தேதியை எட்டியதும் நீ வந்துவிடுவாயாம். நாளுக்கு ஒன்றாகக் கிழித்தால் எட்டவே முடியாது என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

தை மாதத்துக்குப் பிறகு உன் குரலை நாங்கள் கேட்கவில்லை. உன் போனிலிருந்து செய்தி மட்டும் வருகிறது, "நலம். வேலை அதிகம்" என்று. உன் காலண்டர் எங்கே என்று கேட்டேன். "நலம். வேலை அதிகம்" என்றது. இனி லோடு அனுப்ப வேண்டாம் என்று எழுதிப் பார்த்தேன். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது, "லோடு நிற்கக் கூடாது." என்னைக் கேலி பண்ணாமல் நீ இரண்டு வார்த்தை பேசியதுண்டா, சூர்யா?

அதனால்தான் உன் அறை முகவரிக்கு இதை எழுதுகிறேன். கிடைத்ததும் கூப்பிடு. திட்டவாவது கூப்பிடு, போதும்.

உன் பெயருக்கு வந்த கடிதத்தை வேறு யாராவது பிரித்திருந்தால், அவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நலம் என்று இனி எழுதாதீர்கள். அவன் எப்படி இருந்தாலும் எங்களிடம் அனுப்பிவிடுங்கள். கப்பல் கூலியை நாங்களே கட்டிக்கொள்கிறோம்.

அம்மாவின் ஆசியுடன்,
ஸ்ரீமதி